ஒரு கார்பன் குறைந்தால்

ஐயா,

பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்புகிறேன். போனை வாசிக்கவைத்துக் கேட்காதே. அந்த இயந்திரக் குரல் என் கோபத்தையெல்லாம் நாளைக்கு மழை வரும், வராது என்று சொல்வதுபோல் வாசித்துவிடும். தாளைக் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்துக்கொள். உன் பார்வைக்கு நடுவில் நிற்கும் அந்தச் சாம்பல் திட்டுக்கு வெளியே எழுத்து வரும்படி வைத்துப் படி. நேரமாகும், ஆகட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்து முடித்துவிடு.

போன வாரம், நீ இப்போது தங்கியிருக்கும் மேருவிலிருந்து போன் செய்து சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். சொன்னால் கத்தியிருப்பேன், நீயும் "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்திருப்பாய். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் முதல் தெவசம். "படையல் கிளாஸ நான் குடிப்பேம்மா. ஒரு கிளாஸ்தானே. நான் குடிக்கலன்னா, மணியம் மாமாவ நான்தான் கொன்னேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றாய். அந்த வாக்கியத்தை அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன். வகுப்பில் பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் அதுதான் காதில் கேட்கிறது.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. சித்தி படிக்கட்டும், உன் அப்பா படிக்கட்டும், முன்பின் தெரியாதவர்களும் படிக்கட்டும். படையலுக்குப் பாட்டில் வைக்கிற வீடு நம் வீடு மட்டும் இல்லை, இந்த மலேசியாவில், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எத்தனையோ இருக்கின்றன. அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்து சொல்கிறேன். வாத்தியார் புத்தி என்று நீ முனகுவாய். முனகிக்கொள்.

உன் அப்பாவின் தம்பி, உன் சித்தப்பா, போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாத அளவுக்கு உன்னை எடுத்து வைத்துக்கொண்டார். பள்ளி விடுமுறை என்றால் லோரியின் முன் சீட்டில் நீதான். டீசல் வாசத்தோடு வீட்டுக்கு வருவாய், நான் குளிக்க விரட்டுவேன். உனக்குப் பதினேழு வயதில் தீபாவளியன்று பின்வாசலில் ஒளிந்து பீர் குடிக்கப் பார்த்தாய். அவர் டின்னைப் பிடுங்கிக் கால்வாயில் ஊற்றிவிட்டு, "இப்ப என்னடா அவசரம்? என் படையல்ல குடி. அன்னைக்கு உன்னை யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ குடிக்கவே இல்லை, பழக்கமே வரவில்லை. சித்தப்பா துறைமுக வாசலில், லோரி வரிசையில் காத்திருந்தபோது, ஸ்டியரிங் மேல் சாய்ந்து போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. நீதான் கொள்ளி வைத்தாய்.

நம் வீட்டு வழக்கம் இது. பதினாறாம் நாள் காலையில் ஐயர் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போவார். சாயங்காலம் படையல். செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரும்: ஆட்டிறைச்சிப் பிரட்டல், பொரித்த மீன், ஒரு பாக்கெட் சிகரெட். கூடவே அவர் குடிக்கும் பிராண்டி. சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்தி, அவர் வந்து சாப்பிட்டுப் போகக் கொஞ்ச நேரம் கொடுத்துப் பிறகு திறப்போம். அந்தப் பாட்டிலிலிருந்து மூன்று பேர் குடிக்க வேண்டும். கொள்ளி வைத்தவன், கூடப்பிறந்தவர், மச்சான். முதல் கிளாஸ் கொள்ளி வைத்தவனுக்கு, தண்ணீர் கலக்காமல், ஒரே மடக்கில். மற்ற இரண்டு பேருக்கும் அவன் கையாலேயே ஊற்ற வேண்டும். வேண்டாம் என்றால் செத்தவரோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். பெண்கள் நாங்கள் அந்த நேரத்தில் சமையலறையில் நிற்போம்.

அன்றைக்குக் கூடப்பிறந்தவர் உன் அப்பா. மச்சான் என்றால் சித்தியின் அண்ணன், மணியம் மாமா. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒண்டியாக இருந்தவர். சித்தப்பா இறந்த நாளிலிருந்து சித்தி வீட்டில் பந்தல் கட்டியதும், நாற்காலி இறக்கியதும், வந்தவர்களுக்கு மைலோ கலக்கியதும் அவர்தான். பாட்டிலை வாங்கி வந்தது உன் அப்பா. துறைமுகத்துப் பக்கம் ஒருவன் காரின் பின்பெட்டியைத் திறந்து விற்கிறான், கடை விலையில் பாதி. மூடி சரியாக இருந்தது, சீல் சரியாக இருந்தது, வரி ஸ்டிக்கர்கூட இருந்தது. "ஒரிஜினல் லா, பாஸ்" என்று அவன் சொன்னானாம். இவரும் பாஸாகிவிட்டார்.

இப்போது கொஞ்சம் பாடம். முதல் செமஸ்டரில் நான் என்ன சொல்லித் தருகிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, இப்போதாவது கேள். உடம்பில் நடக்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நொதி உண்டு. நொதி என்பது ஒரு புரதம். அதில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் பொருந்துகிற பொருளைப் பிடித்து, வேறு பொருளாக மாற்றி, வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடிக்கும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. பிள்ளைகள் பரீட்சையில் "நொதி நம் உடலின் உண்மையான ஊழியன்" என்று எழுதுவார்கள். நான் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். ஊழியனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். நொதிக்குத் தெரியாது. பொருந்தினால் மாற்றும். அது நல்லதா, விஷமா, சாமிக்குப் படைத்ததா, திருட்டுச் சரக்கா, எதுவும் அதற்குத் தெரியாது.

ஈரலில் அப்படி ஒரு நொதி இருக்கிறது, ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்று பெயர். நல்ல சாராயத்தில் இருப்பது எத்தனால், அதில் இரண்டு கார்பன். அது இந்த நொதியில் நுழைந்து, படிப்படியாக மாறி, கடைசியில் வினிகரில் இருக்கும் அமிலமாகி, உடம்புக்கு எரிபொருளாகவே தீர்ந்துவிடும். தலைவலியோடு போகும். கள்ளப் பாட்டிலில் கலப்பது மெத்தனால். பெயின்ட் கரைக்கவும் பசை செய்யவும் தொழிற்சாலைகளில் பீப்பாய் பீப்பாயாக வாங்குவது. அதில் ஒரே ஒரு கார்பன். நிறம் கிடையாது, வாசத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, நாக்கு ஏமாந்துவிடும். ஆச்சரியம் என்னவென்றால், மெத்தனால் அப்படியே இருந்தால் அவ்வளவு பெரிய கேடு செய்யாது. நம் ஈரல்தான், அதே நொதிதான், அதையும் உள்ளே விட்டு மாற்றிவைக்கிறது. முதலில் பிணத்தைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மால்டிஹைடு. பிறகு ஃபார்மிக் அமிலம், எறும்பு கடித்த இடத்தில் எரிகிறதே, அது. ஒரு கார்பன் குறைந்தால் வழி இப்படிப் போகிறது. விஷத்தை யாரோ குடிக்கக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறோம். விஷம் உள்ளே தயாராகிறது, மெதுவாக, சத்தமில்லாமல். அதற்கு முக்கால் நாள், ஒரு நாள்கூட ஆகும்.

இன்னும் ஒன்று. எத்தனாலும் மெத்தனாலும் சேர்ந்து வந்தால் அந்த நொதி எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும், அதன்மேல்தான் பிரியம் அதிகம். சித்தப்பா சொல்வாரே, துறைமுக வாசலில் வேண்டப்பட்ட கம்பெனி லோரிகளை முதலில் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் வெளியே நிறுத்திவைப்பார்கள் என்று. அதேபோல்தான். எத்தனால் வந்துகொண்டே இருக்கும்வரை மெத்தனால் இரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டு காத்திருக்கும். போட்டித் தடுப்பு என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு செமஸ்டரும் இந்த இடத்தில் நான் ஒரு ஜோக் அடிப்பேன். கெட்ட சாராயத்துக்கு மருந்து நல்ல சாராயம், டாக்டர்களே கொடுப்பார்கள் என்பேன். பின்வரிசைப் பையன்கள் கை தட்டுவார்கள். இப்போது அந்த ஜோக்கை நான் சொல்வதில்லை.

படையல் முடிந்து என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். நீ முதல் கிளாஸை மடக்கென்று குடித்தாய், இருமினாய், கண்ணில் தண்ணீர் வந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாய். அவர்கள் அதைக் குடித்துவிட்டு, பந்தலில் உட்கார்ந்து பீர் பெட்டியைப் பிரித்தார்கள். உனக்குப் பழக்கம் இல்லை, அதனால் அந்த ஒரு கிளாஸோடு எழுந்துவிட்டாய். கார் ஓட்ட வேண்டாம் என்று சாவியை நான் வாங்கிக்கொண்டேன். ஃபெடரல் ஹைவே முழுக்க நீ தூங்கிக்கொண்டே வந்தாய். என் பிள்ளை எவ்வளவு ஒழுக்கம், மற்றவர்கள் மாதிரி இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டே ஓட்டினேன். அந்தப் பந்தலில் மோசமான நிலையில் இருந்தவன் நீ ஒருவன்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் ஈரலில் பீர் வரிசையை அடைத்துக்கொண்டிருந்தது. உன் ஈரல் காலியாக, வாசலைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது நீ பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தாய். திரையை எல்லாம் இழுத்து மூடியிருந்தாய். "ஏம்மா லைட்டு இவ்ளோ வெள்ளையா இருக்கு? கண்ணு முன்னால பஞ்சு பஞ்சா பறக்குது" என்றாய். விளக்கே போட்டிருக்கவில்லை, ஐயா. பிறகுதான் உன் மூச்சைக் கவனித்தேன். ஓடி வந்தவன்போல் ஆழமாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய், உட்கார்ந்த இடத்தில். முதல் வாரப் பாடம் அது. இரத்தத்தின் அமிலத்தன்மை துளிகூட மாறக் கூடாது, பிஎச் அளவு ஏழு புள்ளி நாலில் நிற்க வேண்டும். அமிலம் ஏறினால் இரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அதைத் தாங்கிப் பிடிக்கும். அது தீரத் தீர நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளி ஈடுகட்டப் பார்க்கும். அந்த மூச்சு உன் உடம்பின் கடைசிக் கையிருப்பு. பலகையில் நான் போடும் அம்புக்குறி என் சோபாவில் உட்கார்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உன்னை எழுப்பிக் காரில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்த அந்தச் சின்ன டாக்டர் பெண்ணிடம் நான் பேசியது உனக்கு ஞாபகம் இருக்காது. "மெத்தனால், டாக்டர். இரத்தத்துல அமிலம் பாருங்க. சும்மா ஹேங்ஓவர்னு படுக்கப் போட்டுடாதீங்க" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரத்தம் எடுத்துக்கொண்டு போனாள், திரும்பி வந்தபோது ஓடி வந்தாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூக்கில் குழாய் விட்டு உனக்கு எத்தனால் ஊற்றினார்கள். குடிக்காத என் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் சாராயம். ஒருபக்கம் இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுக் கழுவினார்கள். நீ பிழைத்தாய். ஆனால் அதற்குள் அந்த அமிலம் கண்ணுக்குப் போகும் நரம்பில் வேலையைக் காட்டிவிட்டது. செல்களுக்குள் சக்தியைத் தயாரிக்கும் இடத்தில் கடைசிப் படியில் ஒரு நொதி உண்டு. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் போய்ச் சேருவது அங்கேதான். ஃபார்மிக் அமிலம் அதை அடைத்துவிடும். மூச்சு இருக்கும், ஆக்சிஜன் இருக்கும், செல்லுக்குச் சாப்பாடு மட்டும் இருக்காது. அதிகம் பசிக்கிற நரம்பு முதலில் சாகும். உன் பார்வையின் நடுவில் இருக்கும் திட்டு அதுதான். கண்ணேறு இல்லை, சித்தப்பாவின் ஆவி தொட்டதும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் என்னிடம் அனுப்பு.

உன்னை உள்ளே கொண்டுபோனதும் நான் போர்ட் கிள்ளானில் சித்தி வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, அன்றும் பீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே தங்கிவிட்ட உன் அப்பாவிடம், "இப்ப கிளம்பி வரலன்னா நான் அங்க வருவேன்" என்றேன். என் வாய்க்குப் பயந்து டாக்சி பிடித்து வந்து சேர்ந்தார். போதையிலேயே படுக்கையில் போட்டார்கள், எத்தனாலை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள், இரத்தத்தைக் கழுவினார்கள். அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இன்றுவரை, "எனக்கு ஒண்ணும் ஆகலயே, பாட்டில்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டியதற்கு ஒரு இரசீதைத் தவிர இந்த மனிதருக்கு ஒரு வடுகூட இல்லை.

மணியம் மாமாவிடம் நான் பேசியதைத்தான் உனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். நீ அந்த நேரத்தில் குழாயோடு கிடந்தாய், பிறகும் நான் சொன்னதில்லை.

"அண்ணே, நீங்களும் உடனே வாங்க. அந்தப் பாட்டில்ல விஷம்" என்றேன்.

"என்ன தங்கச்சி, எனக்கு நல்லாத்தானே இருக்கு. நேத்திலேர்ந்து அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். கல்லு மாதிரி இருக்கேன் லா."

"அடிச்சிக்கிட்டு இருக்கறதாலதான் நல்லா இருக்கீங்க. நிறுத்தினா ஆரம்பிக்கும். இப்பவே வாங்கண்ணே."

அவருக்கு அது எப்படிப் புரியும்? நான் சொன்னதை நானே கேட்டபோது எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பிறகு அவர் குரல் மாறிவிட்டது. "புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கறான், நான் இங்க உக்காந்து குடிச்சிக்கிட்டு இருக்கேன். மனுஷனா நானு? தங்கச்சி, இனிமே ஒரு சொட்டு தொட மாட்டேன். காலையில குளிச்சிட்டு, கோயில்ல அவன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு நேரா வரேன்" என்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன். "வரேன்னு சொல்லிட்டேன்ல" என்று வைத்துவிட்டார். கையில் இருந்த டின்னைக் கீழே கொட்டிவிட்டு எழுந்தாராம், சித்தி பிறகு சொன்னாள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

உனக்காகத்தான் நிறுத்தினார், ஐயா. அவர் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. அந்த நல்ல காரியத்துக்குப் பிறகு அவர் இரத்தத்தில் எத்தனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வரிசை காலியாயிற்று. காத்திருந்தது உள்ளே போயிற்று. காலையில் போன் செய்தேன், "தலை வலிக்குது தங்கச்சி, தூங்கினா சரியாயிடும்" என்றார். அடுத்த முறை எடுக்கவில்லை. சித்தியிடம் சொல்லி ஆள் அனுப்பினேன். போனவன், கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே இருட்டாக இருக்கிறது, மாமா நன்றாகத் தூங்குகிறார் என்று திரும்பி வந்துவிட்டான். உனக்கு அப்போது இரண்டாம் தடவை இரத்தம் கழுவிக்கொண்டிருந்தார்கள். உன்னை விட்டுவிட்டு நான் போகவில்லை. போயிருக்க வேண்டுமா என்று என்னைக் கேட்காதே. பிறகு கதவை உடைத்து உடலைத்தான் எடுத்தார்கள்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது, பிரஷர் இருந்தது, காரணம் எழுத எல்லாம் தயாராக இருந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் எரிக்க எடுத்துவிட்டார்கள். சித்தியிடம் சொன்னேன். "அக்கா, ஒரே மாசத்துல ரெண்டு பொணம். செத்தவன அறுத்துப் பாக்கணுமா?" என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் சொல்லி விசாரிக்க வந்தவர்கள் பாட்டிலைக் கேட்டார்கள். யாரோ கழுவிச் சமையலறை ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பேசாமல் இருந்தால் நடக்காமல் போய்விடும் என்று நினைப்பவர்கள் நம் வீட்டில் நிறைய.

நீயும் பேசவில்லை. நீ வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய் என்று போன வாரம்தான் தெரிந்தது. ஊற்றியது உன் கை என்று. ஆமாம், ஊற்றியது உன் கைதான். ஆனால் உனக்கு அப்போது என்ன தெரியும்? வழக்கம் என்ன சொன்னதோ அதைச் செய்தாய், உன் பங்கை முதலில் நீ குடித்துவிட்டுத்தான் அவருக்குக் கொடுத்தாய். அந்த நொதிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் உனக்கும் தெரியும். நான் சாட்சி. யார் கேட்டாலும், எந்தச் சபையிலும் சொல்வேன். என் பிள்ளை கொலைகாரன் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் அப்பா புதுப் பாட்டில் வாங்கிவிட்டார். செய்தித்தாளில் சுற்றி ஃபிரிஜ்ஜின் மேல் வைத்திருக்கிறார். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டேன், டிவியைப் பார்த்தார். இரசீது எங்கே என்றேன், சத்தத்தைக் கூட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. அதே ஆளிடம் வாங்கியிருக்கிறார். போன வருடம் தான் வாங்கியது நல்ல சரக்குதான் என்று இந்த வருடம் குடித்துக் காட்டப் போகிறார். நீ உன் கை சுத்தம் என்று குடித்துக் காட்டப் போகிறாய். மணியம் மாமாவின் இடத்தில் யாரை உட்காரவைக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சமையலுக்கு மீன் எடுக்க அந்த ஃபிரிஜ்ஜைத் திறக்கிறேன், மூடுகிறேன், தலைக்கு மேல் அது நிற்கிறது. ஒருநாள் எடுத்துத் தொட்டியில் கொட்டப் போனேன். கொட்டினால் அவர் இன்னொன்று வாங்குவார், எனக்குத் தெரியாத இடத்தில் வைப்பார். தெரிந்த இடத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பாட்டிலில் நல்ல பிராண்டியே இருக்கலாம். எனக்குத் தெரியாது, பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. உயிர்வேதியியல் படித்து நான் கண்டது இதுதான், வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. உன் கண்ணில் மிச்சம் இருப்பது ஓரப் பார்வை மட்டும். அதைக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாய், வேலைக்குப் போகிறாய், ஒருநாள் ஒருத்தியைக் கல்யாணம் செய்யப் போகிறாய். இன்னொரு கிளாஸ் என்றால் அந்த ஓரமும் போகும், அல்லது நீயே போவாய். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இத்தனை பாடம் எடுத்ததெல்லாம் அதைச் சொல்லத்தான்.

வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்க மாட்டாய், உன் அப்பாவும் கேட்க மாட்டார். சித்தப்பாவோடு உறவு அறுந்துவிடும் என்பீர்கள். சரி, அறுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையில் நிற்க மாட்டேன். படத்துக்கு முன்னால், உங்களோடு, பாயில் உட்காருவேன். மணியம் மாமாவின் இடம் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே உட்காருவேன். கதவு திறந்ததும் அந்தப் பாட்டிலிலிருந்து முதல் கிளாஸ் எனக்கு. தண்ணீர் கலக்காமல். யாரும் எனக்குப் பிறகு பீர் ஊற்றித் தரக் கூடாது. நீங்கள் இரண்டு பேரும் குடிக்காமல் திங்கட்கிழமை சாயங்காலம் வரை காத்திருங்கள், செத்தவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மா, என் முகம் தெரிகிறதா என்று கேள். தெரிகிறது என்று நான் சொன்னால் தாராளமாகக் குடி.

ஆனால் வழக்கத்தை மாற்றக் கூடாது. ஊற்ற வேண்டியவன் கொள்ளி வைத்தவன்தான். போன வருடம் தெரியாமல் ஊற்றினாய். இந்த வருடம் உனக்கு எல்லாம் தெரியும், நானே எழுதித் தந்துவிட்டேன். உன்னால் முடிந்தால் எனக்கு ஊற்று.

அம்மா